மீண்டும் எழுந்த மாடம்: சர் கிறிஸ்டோபர் ரென்னின் வாழ்வும் பணியும்

இலண்டன் மாநகரின் நடுவே உயர்ந்து நிற்கும் புனித பவுல் பேராலயத்தில், பாடகர் இருக்கைகளுக்குத் தென்புறம் அமைந்த நடைவழியில், வெண்பளிங்குச் சிலையொன்று உள்ளது. தலைமுதல் கால்வரை பிணப்போர்வை சுற்றிய கோலத்தில், ஈமத்தாழி ஒன்றின்மேல் அது நிற்கிறது. அச்சிலைக்குரியவர் ஆங்கிலக் கவிஞர் ஜான் டன். 1621 முதல் 1631இல் மறையும் வரை அப்பேராலயத்தின் தலைமைக் குருவாக விளங்கியவர். இறப்பு நெருங்கிய நாள்களில் பிணப்போர்வையைத் தாமே அணிந்து நின்று தம் உருவத்தை வரையச் செய்தவர். அவ்வரைபடத்தைக் கொண்டு நிக்கோலஸ் ஸ்டோன் என்னும் சிற்பி செதுக்கிய சிலை அது. தாழியை உற்று நோக்குவோர் அதில் தீயின் கறையைக் காணலாம். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பழைய பேராலயம் அழிந்தபோது ஏறத்தாழ முழுமையாகத் தப்பியது அச்சிலை.

அக்கவிஞரைச் சுற்றி இன்று நிற்கும் சுவர்களையும், அருகே விரிந்துயர்ந்த மாடத்தையும் எழுப்பியவர் சர் கிறிஸ்டோபர் ரென். கட்டடக்கலை வரலாற்றில் அவர் பெற்ற புகழ் பெரிது. அப்புகழுக்குப் பின்னே மறைந்து கிடக்கும் வரலாறு அதனினும் பெரிது. அவர் கட்ட விரும்பிய ஆலயம் ஒன்று; கட்ட இசைவு தரப்பெற்றது மற்றொன்று; கட்டி முடித்தது மூன்றாவது ஒன்று. இம்மூன்றுக்கும் இடையே கழிந்ததே அவருடைய வாழ்வு எனலாம்.

இளமையும் கல்வியும்

ரென் 1632ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் வில்ட்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஈஸ்ட் நாயில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலத் திருச்சபையின் குரு. பின்னர் வின்சர் ஆலயத்தின் தலைமைக் குருவாக உயர்ந்தவர். தந்தையின் தமையனார் மத்தேயு ரென் ஆயர் பதவி வகித்தவர். மன்னர்க்கும் பாராளுமன்றத்திற்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது மன்னர் பக்கம் நின்ற அக்குடும்பம் பெருந்துன்பத்திற்கு ஆளாயிற்று. வின்சரில் இருந்த இல்லம் சூறையாடப்பட்டது. பெரிய தந்தையார் ஏறத்தாழ 18 ஆண்டுகள் இலண்டன் கோட்டைச் சிறையில் வாடினார். 1649இல் மன்னர் முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டபோது ரென்னுக்கு வயது 16.

நாடே கொந்தளித்த அக்காலத்தில் அவ்விளைஞர் கணிதத்திலும் வானியலிலும் அடைக்கலம் தேடினார். ஆக்ஸ்போர்டில் 1651இல் இளங்கலைப் பட்டமும் 1653இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1657இல், 24 வயதிலேயே, இலண்டன் கிரெஷம் கல்லூரியில் வானியல் பேராசிரியரானார். 1661இல் ஆக்ஸ்போர்டில் அதே துறையின் பேராசிரியராக அமர்ந்தார். தாமஸ் வில்லிஸ் என்னும் மருத்துவர் மூளையின் அமைப்பைப் பற்றி 1664இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலுக்குப் படங்கள் வரைந்தளித்தவர் அவரே. 1660ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் கிரெஷம் கல்லூரியில் ரென் ஆற்றிய சொற்பொழிவு முடிந்ததும், கேட்டிருந்த அறிஞர் சிலர் ஓர் அறையில் கூடிப் பேசினர். அறிவியல் உலகின் புகழ்மிக்க அமைப்பான ராயல் சொசைட்டி அக்கூட்டத்தில்தான் கருக்கொண்டது. நியூட்டன் தம் பெருநூலில் தம் காலத்து முதன்மைக் கணித அறிஞர் மூவரைச் சுட்டுமிடத்து ரென்னையும் ஒருவராக வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

விண்ணிலிருந்து மண்ணுக்கு

விண்மீன்களை அளந்தவர் கல்லை அளக்க வந்தது ஒரு நன்றிக்கடன் வாயிலாக நிகழ்ந்தது. சிறையிலிருந்து விடுதலை பெற்ற பெரிய தந்தையார் அதற்கு நன்றியாகக் கேம்பிரிட்ஜின் பெம்புரோக் கல்லூரியில் ஒரு சிற்றாலயம் எழுப்ப விரும்பினார். அதனை வடிவமைக்கும் பொறுப்பைத் தம்பி மகனிடம் ஒப்படைத்தார். அடுத்து, ஆக்ஸ்போர்டின் ஷெல்டோனியன் அரங்கு அவர் கையில் வந்தது. நடுவே தூண் ஏதுமின்றி அகன்ற கூடத்திற்குக் கூரையிடும் சிக்கலை அவருடைய கணித அறிவு எளிதில் தீர்த்தது.

1665இல் அவர் பாரிசு நகருக்குச் சென்றார். அங்கே குவிமாடங்களை முதன்முறையாக நேரிற் கண்டார். உரோமையின் மாபெரும் கலைஞர் பெர்னினி அப்போது பாரிசில் தங்கியிருந்தார். முதுமையெய்திய அக்கலைஞர் லூவர் அரண்மனைக்குத் தாம் வரைந்த வடிவத்தைச் சில நிமிடங்கள் மட்டுமே காட்டினார். அந்தச் சில நிமிடக் காட்சியை ரென் நெஞ்சில் எழுதிக்கொண்டு நாடு திரும்பினார்.

பெருந்தீ

பழைய புனித பவுல் பேராலயம் அந்நாளில் சிதைந்த நிலையில் இருந்தது. அதன் ஊசிக்கோபுரம் 1561இலேயே இடிவிழுந்து எரிந்து போயிற்று. அதனைச் செப்பனிட அமைக்கப்பட்ட குழுவில் ரென் இடம்பெற்றார். நடுப்பகுதியை இடித்துவிட்டு அங்கே ஒரு குவிமாடம் எழுப்பலாம் என்பது அவர் கருத்து. 1666ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் குழுவினர் ஆலயத்தை நேரில் ஆய்ந்து வாதிட்டனர். சரியாக ஆறு நாள்கள் கழித்து, செப்டம்பர் 2ஆம் நாள் ஞாயிறு விடியுமுன், புடிங் சந்திலிருந்த ஓர் அடுமனையில் தீப்பற்றியது.

நான்கு நாள்கள் எரிந்த அத்தீ 13,200 வீடுகளையும் 87 பங்கு ஆலயங்களையும் பேராலயத்தையும் விழுங்கியது. பேராலயக் கூரையின் ஈயத் தகடுகள் உருகித் தெருவில் ஆறாய் ஓடின. பேராலயத்தைச் சூழ்ந்து வாழ்ந்த புத்தக வணிகர்கள் தங்கள் நூல்களையெல்லாம் அதன் அடியிலிருந்த நிலவறை ஆலயத்தில் அடைத்து வைத்திருந்தனர். கல்லறை போன்ற அவ்விடத்தைத் தீ தீண்டாது என்று நம்பினர். மேற்கூரை இடிந்து விழ, உள்ளே நெருப்புப் புகுந்து அத்தனை நூல்களும் சாம்பலாயின. எழுத்தை நேசிப்போர் நெஞ்சம் பதைக்கும் இழப்பு அது.

சாம்பலின் வெம்மை தணியுமுன்னரே ரென் புதிய நகரத்திற்கான திட்டத்தை மன்னர் இரண்டாம் சார்லசிடம் அளித்துவிட்டார். அகன்ற நேர்த்தெருக்களும் வட்டச் சதுக்கங்களும் கொண்ட திட்டம் அது. ஆயினும் தத்தம் மனையடியை விட்டுக்கொடுக்க உரிமையாளர் எவரும் முன்வரவில்லை. பழைய வளைந்த சந்துகளின் தடத்திலேயே புதிய இலண்டன் எழுந்தது. ரென் சந்தித்த முதற்பெரும் மறுப்பு இதுவாகும்.

பெருந்தீயின் நினைவாக 1671 முதல் 1677 வரை ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. ரென்னும் அவர் நண்பரும் அறிவியலாளருமான ராபர்ட் ஹூக்கும் சேர்ந்து வடித்த அத்தூணின் உயரம் 202 அடி. தீ தோன்றிய இடத்திற்கும் தூணுக்கும் உள்ள தொலைவும் அதுவே. 1681இல் கத்தோலிக்கரே தீ வைத்தனர் என்னும் பொய்ப்பழி அத்தூணில் பொறிக்கப்பட்டது. அவ்வரிகள் 1830இல்தான் நிலையாக நீக்கப்பட்டன. கல்லில் எழுதியதெல்லாம் மெய்யாகிவிடாது என்பதற்கு அத்தூணும் ஒரு சான்றாய் நிற்கிறது.

பங்கு ஆலயங்கள்

1669இல் ரென் அரசுக் கட்டடப் பணிகளின் தலைமை மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார். இலண்டனுக்குள் வரும் நிலக்கரியின்மீது விதிக்கப்பட்ட வரியைக் கொண்டு 51 பங்கு ஆலயங்களை மீளக் கட்டும் பணி தொடங்கியது. ஹூக் முதலியோர் அப்பணியில் அவருக்குத் தோள்கொடுத்தனர். கிடைத்த மனைகளோ குறுகியவை, கோணல் மாணலானவை. அந்தக் குறையையே ரென் வாய்ப்பாக மாற்றினார். ஓர் ஆலயத்தைப் போல் மற்றோர் ஆலயம் அமையவில்லை. வந்தமர்வோர் அனைவரும் குருவைக் காணவும் அவர் சொல்லைத் தெளிவாகக் கேட்கவும் வேண்டும் என்பதே எல்லாவற்றுக்கும் பொதுவான இலக்கணம். செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தின் சிறு குவிமாடம், பின்னாளில் வரவிருந்த பெருமாடத்திற்கு ஒத்திகை போன்று விளங்கிற்று. செயின்ட் பிரைட் ஆலயத்தின் அடுக்குக் கோபுரமும் செயின்ட் மேரி லெபோ ஆலயத்தின் கோபுரமும் நகரத்து வானுக்கே புதிய வடிவம் தந்தன.

நகர எல்லைக்கு வெளியே பிக்காடிலியில் அவர் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் ஆலயத்தில் கிரின்லிங் கிப்பன்ஸ் என்னும் சிற்பியின் கைவண்ணம் மிளிர்கிறது. அங்குள்ள பளிங்குத் திருமுழுக்குத் தொட்டியின் தண்டு ஏதேன் தோட்டத்து மரமாகவும், அதன் இருபுறமும் ஆதாமும் ஏவாளும் நிற்பதாகவும் செதுக்கப்பட்டுள்ளது. 1757இல் அவ்வாலயத்தில் திருமுழுக்குப் பெற்ற குழந்தைதான் பின்னாளில் கவிஞராகவும் ஓவியராகவும் சிறந்த வில்லியம் பிளேக்.

மறுக்கப்பட்ட மாதிரி

பேராலயத்திற்கெனப் பல வடிவங்களை வரைந்து பார்த்த ரென், 1673இல் தம் உள்ளத்திற்கு முற்றும் உகந்த ஒரு வடிவத்தைக் கண்டடைந்தார். நான்கு புறமும் ஏறத்தாழ ஒத்த நீளமுடைய சிலுவை வடிவம். வளைந்து செல்லும் சுவர்கள். எல்லாவற்றையும் தழுவி நிற்கும் மாபெரும் குவிமாடம். அதற்கு ஓக் மரத்தாலும் சாந்தாலும் 6 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள மாதிரி ஒன்று செய்யப்பட்டது. ஒரு நல்ல வீடு கட்டும் செலவு அம்மாதிரிக்கே ஆயிற்று. ஆள் ஒருவர் உட்புகுந்து நின்று அண்ணாந்து பார்க்கலாம். மன்னருக்கும் அது மிகவும் பிடித்திருந்தது.

குருமார்களோ அதனை ஏற்கவில்லை. ஆங்கில நாட்டு மரபில் ஆலயம் நீண்டிருக்க வேண்டும். பவனி செல்ல இடம் வேண்டும். பொருள் சேரச் சேரப் பகுதி பகுதியாகக் கட்டத்தக்கதாக இருக்க வேண்டும் என்றனர். மாதிரி மறுக்கப்பட்டது. அச்செய்தி கேட்டு ரென் கண்ணீர் விட்டார் என்று பின்வந்தோர் குறித்துள்ளனர். இனி மாதிரி செய்து பலர் பார்வைக்கு வைப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டார்.

1675ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் மன்னரின் ஒப்புதல் பெற்றது வேறொரு வடிவம். நீண்ட நடுக்கூடமும், சிறிய மாடத்தின்மேல் உயரமான ஊசிக்கோபுரமும் பொருந்தாமல் ஒட்டி நின்ற கலவை அது. ஆயினும் அரசாணையில் ஒரு சிறு சலுகை இருந்தது. அலங்காரத்தைச் சார்ந்த மாற்றங்களைக் காலப்போக்கில் ரென் தம் விருப்பப்படி செய்துகொள்ளலாம் என்பது அது. அச்சிறு வாயிலின் வழியே அவர் தம் பெருங்கனவைச் சிறிது சிறிதாக உள்ளே கொண்டு வந்தார். சுவர்கள் தடித்தன, உயர்ந்தன. ஊசிக்கோபுரம் வரைபடத்திலிருந்து ஓசையின்றி மறைந்தது. குவிமாடம் திரும்பி வந்தது.

அடிக்கல்லும் இல்லத்து இருளும்

பழைய சுவர்களை இடிக்க முதலில் வெடிமருந்து பயன்பட்டது. இரண்டாம் முறை வெடித்தபோது கல்லொன்று பறந்து சென்று அருகிலிருந்த வீட்டுக்குள் விழவே, அண்டை வீட்டார் அஞ்சி முறையிட்டனர். அதன்பின் பெருமரம் ஒன்றை ஆள்கள் கூடி ஊசலாட்டி மோதி இடித்தனர். மாடத்தின் மையப் புள்ளியைக் குறிக்க ஒரு கல் கொண்டுவருமாறு ரென் பணித்தபோது, தொழிலாளி ஒருவர் இடிபாட்டிலிருந்து கைக்கு அகப்பட்ட கல்லைக் கொணர்ந்தார். அஃது ஓர் உடைந்த கல்லறைக் கல். மீண்டும் எழுவேன் என்று பொருள்படும் ஓர் இலத்தீன் சொல் மட்டுமே அதில் எஞ்சியிருந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆலயத்தின் தென்புற முகப்பில், தீயிலிருந்து எழும் பீனிக்சுப் பறவையின் கீழ் அச்சொல்லை இன்றும் காணலாம். செதுக்கியவர் கையஸ் கேப்ரியல் சிப்பர்.

1675ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. ரென்னுக்கு வயது 42. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் மனைவி பெயித் பெரியம்மைக்கு இரையானார். திருமணத்திற்கு முன் அவ்வம்மையாரின் கடிகாரம் உப்புநீரில் விழுந்து கெட்டபோது, அதனைப் பழுது பார்த்து, அன்பு கனிந்த மடலொன்றையும் உடன் அனுப்பியவர் ரென். அவர்களின் தலைமகன் அதற்கு முந்தைய ஆண்டிலேயே இறந்திருந்தான். சில திங்களே நிறைந்த இளைய மகன் கிறிஸ்டோபர் மட்டும் எஞ்சினான். 1677இல் ஜேன் என்பாரை ரென் மணந்தார். மகள் ஜேனையும் மகன் வில்லியத்தையும் ஈன்ற அவ்வம்மையாரும் 1680இல் மறைந்தார். வில்லியம் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவன். இத்தனை துயருக்கும் நடுவே ஆலயப் பணி ஒரு நாளும் நின்றதில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள்

போர்ட்லண்டு தீவின் வெண்கற்கள் கடல்வழியே வந்திறங்கின. சுவர்கள் ஆள்மட்டம் கடந்து வளர்ந்தன. 1697ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் பாடகர் பகுதியில் முதல் வழிபாடு நிகழ்ந்தது. கிப்பன்ஸ் செதுக்கிய மர இருக்கைகளில் பூவும் கனியும் இலையும் வானவர் முகமும் உயிர்பெற்றுத் துலங்கின. பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த ழான் திஜூ இரும்பைக் கொடியாக வளைத்துத் திரைக்கதவுகள் செய்தார். மேற்கு முகப்பின் முக்கோணத்தில் பவுலடியாரின் மனமாற்றத்தைப் பிரான்சிஸ் பேர்டு புடைப்புச் சிற்பமாக்கினார்.

முதல் வழிபாடு நடந்த அதே ஆண்டில், பணி தாமதமாகிறது என்று கூறிப் பாராளுமன்றம் ரென்னின் ஊதியத்தில் பாதியை நிறுத்தி வைத்தது. அவர் ஆண்டூதியமே 200 பவுன்தான். வேலை முடிந்தால் மீதி என்பது நிபந்தனை. அவர் வாதிடாது வேலையைத் தொடர்ந்தார். 1702இல் மகள் ஜேன் இளவயதிலேயே இறந்தாள். தந்தை கட்டிக்கொண்டிருந்த ஆலயத்தின் நிலவறையிலேயே அவள் அடக்கம் செய்யப்பட்டாள். இசையில் வல்ல அப்பெண் இசைக்கருவியின்முன் அமர்ந்திருக்குமாறு பேர்டு அமைத்த நினைவுச் சிற்பம் அங்கே உள்ளது.

குவிமாடத்தின் அமைப்பில் ரென்னின் அறிவு முழுமையாக வெளிப்பட்டது. வெளியே தொலைவிலிருந்து காண மாடம் ஓங்கி நிற்க வேண்டும். அதே உயரம் உள்ளே இருப்பின் அண்ணாந்து பார்ப்போர்க்கு இருண்ட கிணற்றைப் போலத் தோன்றும். எனவே அவர் ஒன்றினுள் ஒன்றாக மூன்று அமைப்புகளை எழுப்பினார். உள்ளே காண்பது செங்கல் மாடம். வெளியே காண்பது மரச்சட்டத்தின்மேல் ஈயம் போர்த்திய மாடம். இரண்டுக்கும் இடையே எவர் கண்ணுக்கும் புலப்படாத செங்கற் கூம்பு ஒன்று உள்ளது. அதன் கனம் 18 அங்குலம். உச்சியிலுள்ள கல்லாலான விளக்குமாடத்தின் ஏறத்தாழ 850 டன் எடையைத் தாங்குவது அதுவே. அடியில் சுற்றியோடும் இரும்புச் சங்கிலி, கூம்பு வெளியே விரியாமல் இறுக்கிப் பிடிக்கிறது. காண்போர் வியக்கும் இரு மாடங்களும் தோற்றத்திற்கு உரியவை. பாரம் சுமப்பதோ காணாததொன்று.

எழுபது வயதைக் கடந்த ரென் கூடையில் அமர்ந்து கயிற்றால் மேலே இழுக்கப்பட்டு வேலையைப் பார்வையிட்டு வந்தார். 1708ஆம் ஆண்டு அக்டோபரில், 365 அடி உயரத்தில், விளக்குமாடத்தின் இறுதிக் கல்லை மகன் கிறிஸ்டோபர் வைத்தார். அடிக்கல்லை வைத்த கல்தச்சர் தாமஸ் ஸ்ட்ராங்கின் தம்பி எட்வர்டு அப்போது உடனிருந்தார். 1711இல் ஆலயம் முடிவுற்றதாகப் பாராளுமன்றம் அறிவித்தது. நிறுத்திய ஊதியம் அதன்பின்னரே ரென்னின் கைக்கு வந்தது.

முதுமை

முடிந்த வேலையிலும் பிறர் கை புகுந்தது. மாடத்தின் உட்புறத்தில் வண்ணக் கற்துணுக்குகளைப் பதித்துச் சித்திரம் தீட்ட விரும்பினார் ரென். பொறுப்பாளர்கள் அதனை விடுத்து, பவுலடியாரின் வாழ்வை எட்டுக் காட்சிகளாக ஒற்றை நிறச் சாயலில் வரையும் பணியை ஜேம்ஸ் தார்ன்ஹிலிடம் 1715இல் அளித்தனர். சுவரின் உச்சியில் கைப்பிடிச் சுவர் வேண்டாம் என்றார் ரென், அதுவும் வைக்கப்பட்டது. ஆடைக்கு ஓரப்பின்னல் தைத்தது போன்றதே அது என்பது அவர் எண்ணம்.

1718இல், அரை நூற்றாண்டளவு வகித்த தலைமை மேற்பார்வையாளர் பதவியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். வயது 85. அவ்விடத்தில் அமர்த்தப்பட்ட வில்லியம் பென்சன், பிரபுக்கள் அவைக் கட்டடம் இடிந்து விழப்போகிறது என்று ஆராயாது அறிவித்து, அடுத்த ஆண்டே பதவி இழந்தார். ரென் பழிவாங்கும் சொல் எதுவும் கூறவில்லை. ஒதுங்கிப் படிப்பிலும் சிந்தனையிலும் காலம் கழித்தார். ஆண்டுக்கொரு முறை பேராலயத்திற்கு வந்து மாடத்தின் கீழ் அமைதியாக அமர்ந்து செல்வார் என்பர். 1723ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள், உணவுக்குப் பின் நாற்காலியில் சாய்ந்தவரைப் பணியாளர் எழுப்ப வந்தபோது உயிர் பிரிந்திருந்தது. அவர் அகவை 90.

நிலவறையின் ஒரு மூலையில், எளிய கருங்கற் பலகையின் கீழ் அவர் துயில்கிறார். அருகே சுவரில் மகன் பொறித்த இலத்தீன் வரிகள், நினைவுச்சின்னத்தைத் தேடி வருவோரைச் சுற்றிலும் பார்க்குமாறு பணிக்கின்றன.

எஞ்சி நிற்பவை

அவர் கட்டிய பங்கு ஆலயங்களுள் பல பிற்காலத்தில் மறைந்தன. 19ஆம் நூற்றாண்டில் சில இடிக்கப்பட்டன. கவிஞர் மில்டன் திருமுழுக்குப் பெற்ற இடத்தில் ரென் மீளக் கட்டிய பிரெட் தெரு ஆலயம் அவற்றுள் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் மேலும் பல எரிந்தன. 1940ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இரவு, பேராலயத்தைச் சுற்றிலும் நகரம் மீண்டும் தீக்கடலாயிற்று. மாடத்தின் ஈயத்தில் ஒரு தீக்குண்டு குத்தி நின்றது. அது தானாகக் கழன்று வெளிப்புற மேடையில் விழ, காவல் நின்ற தொண்டர்கள் அதனை அணைத்தனர். உள்ளே விழுந்திருப்பின் மரச்சட்டம் முழுவதும் எரிந்திருக்கும்.

மறுக்கப்பட்ட அந்தப் பெரிய மாதிரியும் அழியவில்லை. பேராலயத்தின் மேல்தளத்து அறையொன்றில் அது பாதுகாக்கப்பட்டு வருகிறது. மாதிரியையும் ஆலயத்தையும் அடுத்தடுத்துக் காண்போர்க்கு ரென் இழந்தது எது, காத்துக்கொண்டது எது என்பது விளங்கும். இழந்தது தூய வடிவம், காத்துக்கொண்டது குவிமாடம். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுத்தால் தம் படைப்பு தம்முடையதாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வறிவோடு 35 ஆண்டுகள் பொறுத்திருந்தார். தீக்கறை படிந்த தாழியின்மேல் நிற்கும் கவிஞருக்கு இன்று நிழல் தருவது அந்தப் பொறுமையே.